ஓர் இசைத்தட்டைத் தேடிய ராணுவம்

படம் ஓடத் தொடங்கி இருபது நிமிடம் ஆன பிறகுதான் தலைப்பு திரையில் வருகிறது. அதுவரைக்கும் கூட்டம், கூட்டம், இன்னொரு கூட்டம். வெள்ளைச் சட்டையிலும் ராணுவ உடுப்பிலும் வயதான ஆண்கள் ஆகஸ்ட் புழுக்கத்தில் வேர்த்துக்கொட்ட நீள மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து, தோல்வியை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவில் ஹிரோஷிமா அழிகிறது, சோவியத் ராணுவம் மஞ்சூரியாவுக்குள் இறங்குகிறது, நாகசாகி அழிகிறது, பேச்சு மட்டும் முடியவில்லை. அப்புறம்தான் தலைப்பு: 'ஜப்பானின் மிக நீண்ட நாள்'. 1967இல் தோஹோ நிறுவனம் தன் 35ஆவது ஆண்டையொட்டி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். 157 நிமிடம். இயக்கம் கிஹாச்சி ஒகாமோட்டோ.

உலக சினிமா பேசுகிற நம் நண்பர்கள் ஜப்பான் என்றால் குரோசாவா, ஓசு, அதிகம் போனால் கோபயாஷி என்று நிறுத்திக்கொள்கிறார்கள். ஒகாமோட்டோவின் பெயர் அபூர்வமாகத்தான் வருகிறது, வந்தாலும் அவருடைய வாள்சண்டைப் படங்களுக்காக வருகிறது. இந்தப் படத்தைப் பற்றி யாரிடமாவது பேச ஆரம்பித்தால் "எந்தப் படம்?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள். அதனாலேயே விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். தோற்றுப்போன ராணுவப் புரட்சிகளைப் பற்றிப் பல படங்கள் பார்த்திருக்கிறேன். ஒரு புரட்சி எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் அது வேலை செய்யாமல் போகிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை.

கதை 1945 ஆகஸ்ட் 14 நண்பகலிலிருந்து 15 நண்பகல் வரை நடக்கிறது. சரணடைவது என்று பேரரசர் ஹிரோஹிட்டோ முடிவு சொல்லிவிட்டார். அதை அவரே தன் குரலில் படித்து, இசைத்தட்டில் பதிவு செய்து, மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வானொலியில் ஒலிபரப்ப வேண்டும். ராணுவ அமைச்சகத்தின் இளம் அதிகாரிகள் சிலர் இதை ஏற்கவில்லை. அரண்மனையைக் கைப்பற்றி, தொலைபேசிக் கம்பிகளை அறுத்து, அந்த இசைத்தட்டைக் கண்டுபிடித்து அழித்துவிட்டால் போரைத் தொடரலாம் என்று இறங்குகிறார்கள். தோற்கிறார்கள். இது படம் பார்க்கிற எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்த முடிவு. ஆனாலும் இரண்டரை மணி நேரமும் வயிற்றைப் பிசைகிறது.

ஜப்பானியப் பார்வையாளருக்குத் தெரியும் என்று படம் சொல்லாமல் விடுகிற ஒன்றை நாம் முதலில் தெரிந்துகொண்டால் நல்லது. அன்றைய விதிப்படி ராணுவ அமைச்சராகப் பணியில் இருக்கும் ஜெனரல் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ராஜினாமா செய்து, ராணுவம் வேறு ஆளைத் தர மறுத்தால் மந்திரிசபையே கவிழ்ந்துவிடும். ஆகவே ராணுவ அமைச்சர் கொரேச்சிகா அனாமி ஒரு துப்பாக்கியைக்கூடத் தொடாமல், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டே சரணடைவதைத் தடுத்திருக்கலாம். அவர் கடைசிவரை போரைத் தொடர வேண்டும் என்று வாதாடியவர். இளம் அதிகாரிகள் அவரைத் தங்கள் ஆள் என்றே நம்பினார்கள். அவர் ராஜினாமா செய்யவில்லை. 14ஆம் தேதி பகலில், பேரரசரின் முடிவுக்கு ராணுவம் கட்டுப்படும் என்று ஒரு தாளில் மூத்த தளபதிகளோடு சேர்ந்து அவரும் கையெழுத்துப் போடுகிறார். அமைச்சகத்துக்குத் திரும்பி, மீற நினைப்பவன் முதலில் என் பிணத்தைத் தாண்டிப் போ என்கிறார். அனாமியாக நடிப்பவர் தோஷிரோ மிஃபுனே. கத்திப் பாய்ந்து சண்டை போடுகிற மிஃபுனேயைத்தான் நமக்குத் தெரியும். இங்கே அவர் பெரும்பாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த அசையாமை எனக்கு அவருடைய ஓட்டங்களையெல்லாம்விடப் பெரிதாகப் பட்டது.

பேரரசர் படிக்கப்போகும் பிரகடனத்தின் வாசகத்துக்காக நடக்கும் சண்டையை இரண்டு மூன்று முறை திரும்பப் பார்த்தேன். போர் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிறது என்ற அர்த்தத்தில் வரைவில் ஒரு வரி இருக்கிறது. அனாமி அதை ஏற்க மறுக்கிறார். களத்தில் இன்னும் நிற்கிற, இத்தனை வருஷம் செத்த சிப்பாய்களுக்கு முன்னால் இப்படி ஒரு வரியை வைக்க முடியாது என்கிறார். கடற்படை அமைச்சர் யோனாய், தோற்றதைத் தோற்றது என்று சொல்லத்தானே வேண்டும் என்கிறார். மணிக்கணக்காக இழுக்கிறது. முடிவில், நிலைமை நமக்குச் சாதகமாக மாறிவிட்டது என்று சொல்ல முடியாது என்கிற மாதிரி ஒரு வரியில் வந்து நிற்கிறார்கள். தூரிகையால் நல்ல பிரதி எழுதுகிறவர் திருத்தம் வரவரத் தவிக்கிறார், பேரரசர் முன்னால் வைக்கப்போகிற தாளில் அடித்தல் இருக்கலாமா என்று.

ஒகாமோட்டோ இந்தக் காட்சிகளுக்கு இடையில் டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமாவில் இருக்கிற கொடாமா விமானத்தளத்தை வெட்டி வெட்டிக் காட்டுகிறார். அங்கே தற்கொலைத் தாக்குதலுக்குப் போகும் பையன்களை ஊர்மக்கள் கொடியசைத்துப் பாட்டுப் பாடி வழியனுப்புகிறார்கள். மந்திரிகள் ஒரு வினைச்சொல்லை மாற்றிக்கொண்டிருக்கும்போது விமானங்கள் ஒவ்வொன்றாக மேலே எழும்புகின்றன. எந்த வசனமும் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை, இசையை ஏற்றி நம்மை அழவைக்கப் பார்ப்பதும் இல்லை. நிஜத்திலும் அந்த இரவு அதே சைத்தாமாவின் குமகாயா நகரத்தில் அமெரிக்கக் குண்டு விழுந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சரணடைவது என்று முடிவாகி அரை நாளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அந்தத் தாள் சில மணி நேரம் முன்னால் முடிந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் படம் பார்க்கும்போது அந்தக் கோபம் வருகிறது, வர வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்கள்.

ஒலிப்பதிவு இரவு பதினொன்றரை மணிவாக்கில் அரண்மனை வளாகத்திலேயே உள்ள, அரண்மனைப் பணிகளைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கட்டடத்தில் நடக்கிறது. பேரரசர் ஒருமுறை படிக்கிறார், குரல் தாழ்ந்துவிட்டது என்று இன்னொருமுறை படிக்கிறார். மூன்றாவது முறையும் படிக்கட்டுமா என்கிறார், வேண்டாம் என்கிறார்கள். இப்போது கையில் இசைத்தட்டுகள் இருக்கின்றன. நடுராத்திரியில் அதை எங்கே வைப்பது? வானொலி நிலையத்துக்கு எடுத்துப்போகப் பயமாக இருக்கிறது, ஏதோ நடக்கப்போகிறது என்று எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது. அரண்மனை அலுவலர்களில் டொகுகாவா என்ற ஒருவர் பொறுப்பேற்கிறார். தடித்த காக்கித் துணிப்பையில் போட்டு, பேரரசியின் பணியாளர்கள் பயன்படுத்தும் ஓர் அறையின் சின்ன இரும்புப்பெட்டியில் வைத்துப் பூட்டி, முன்னால் காகிதக் கட்டுகளை அடுக்கி மறைக்கிறார். ஒரு சாம்ராஜ்யத்தின் சரணாகதி அந்த ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்தது.

ஹத்தனாகா என்ற முப்பத்துமூன்று வயது மேஜர்தான் புரட்சியின் உயிர். தோஷியோ குரோசாவா என்ற நடிகர். கண் பிதுங்க, முகமெல்லாம் வியர்வை வழிய, மூச்சு வாங்கிக்கொண்டே படம் முழுக்கச் சைக்கிளிலும் காரிலும் நடையுமாக ஓடிக்கொண்டிருக்கிறார். இந்த நடிப்பு மிகை என்று சிலர் எழுதிப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற எல்லோரும் உட்கார்ந்து பேசும் படத்தில் ஒருவன் மட்டும் உட்காரவே மாட்டேன் என்கிறான். தான் நினைப்பதுதான் நாடு நினைப்பது என்று உண்மையாகவே நம்புகிறவனுடைய முகம் அப்படித்தான் இருக்கும். அவரிடம் பேராசை இல்லை, பதவி வெறி இல்லை. அவர் வில்லனாக இருந்திருந்தால் பார்க்கச் சுலபமாக இருந்திருக்கும்.

பேரரசரைக் காக்கும் முதலாம் காவல் படைப்பிரிவின் தளபதி ஜெனரல் மோரியிடம் போய் எங்களோடு சேருங்கள் என்று கேட்கிறார்கள். மோரி நேரம் கடத்துகிறார். மெய்ஜி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்கிறார். ஹத்தனாகாவால் காத்திருக்க முடியவில்லை. சுடுகிறார். கூட வந்தவன் வாளை உருவி, அங்கே இருந்த மோரியின் மைத்துனரை வெட்டுகிறான். ஹிரோஷிமாவில் இருந்த தலைமையகத்தைச் சேர்ந்த அதிகாரி அந்த மைத்துனர், தன் தளபதியோடு டோக்கியோ வந்த இடத்தில் அக்காவின் கணவரையோ தங்கையின் கணவரையோ பார்க்க வந்தவருக்கு இந்தக் கதி. கறுப்பு வெள்ளையில் ரத்தம் கறுப்பாகத் தெறிக்கிறது. அதுவரை ஃபைல், முத்திரை, தூரிகை என்று போய்க்கொண்டிருந்த படம் ஒரு நொடியில் வேறாகிவிடுகிறது. சுட்ட கை விறைத்துப்போய்ப் பிடியை விடவே முடியாமல் நிற்பதை ஒகாமோட்டோ அவசரப்படாமல் காட்டுகிறார்.

அதற்கடுத்து வருவதுதான் எனக்குப் படத்திலேயே மிகப் பயங்கரமான பகுதி, அதில் ரத்தமே கிடையாது. செத்துப்போன தளபதியின் முத்திரையை எடுத்து ஒரு போலி உத்தரவில் குத்துகிறார்கள். 584ஆம் எண் உத்தரவு. காவல் படைகள் அரண்மனையைச் சுற்றி வளைக்க வேண்டும், வெளித்தொடர்பைத் துண்டிக்க வேண்டும், ஒரு பிரிவு வானொலி நிலையத்துக்குப் போக வேண்டும். தாள் கைமாறுகிறது, அவ்வளவுதான். பட்டாளம் ஓடுகிறது, வாசல்கள் மூடுகின்றன, கம்பிகள் அறுகின்றன. அரண்மனையைக் காக்க இருக்கிறவர்களே அரண்மனையைச் சிறைப்பிடிக்கிறார்கள், காக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே. ஒலிப்பதிவு முடித்துக் கிளம்பிய வானொலிக்காரர்களையும் தகவல் துறைத் தலைவர் ஷிமோமுராவையும் வாசலில் மடக்கி, பதினைந்து பேருக்கு மேல், ஒரு காவல் குடிசையில் அடைக்கிறார்கள். பிடித்தவனுக்கு ஏன் பிடிக்கிறோம் என்று தெரியாது. முத்திரை இருந்தது, போதும். இந்த ராணுவம் சீனத்திலும் பர்மாவிலும் பிலிப்பைன்ஸிலும் அவ்வளவும் செய்தது இதே பழக்கத்தில்தான், மேலிருந்து தாள் வந்தால் கேள்வி கிடையாது என்ற பழக்கத்தில். ஒகாமோட்டோ இந்தக் காட்சியைப் பிரமாதப்படுத்தாமல் அலுவலக வேலை மாதிரியே எடுத்திருப்பதால்தான் இவ்வளவு உறைக்கிறது.

தேடுதல் காட்சிகளும் அப்படியே. இசைத்தட்டைத் தேடிச் சிப்பாய்கள் அறை அறையாகப் புகுந்து அலமாரிகளை உடைக்கிறார்கள். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களால் டோக்கியோவில் அன்று இருட்டடிப்பு. பழைய கட்டடம், ஒரே மாதிரி அறைகள், கதவுகளில் இருக்கிற பெயர்ப்பலகைகள் பட்டாளத்துக்காரனுக்குப் புரியாத அரண்மனை மொழியில். டொகுகாவாவை நிறுத்தி எங்கே என்று கேட்கிறார்கள், அடிக்கிறார்கள், அவர் தெரியாது என்கிறார். அந்தரங்க முத்திரைப் பொறுப்பாளர் கிடோ கீழே ஒரு பெட்டக அறைக்குள் ஒளிந்திருக்கிறார். இவர்களில் யாரும் வாள் எடுத்துச் சண்டை போட்டவர்கள் இல்லை. காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு பையை வைத்துவிட்டுத் தெரியாது என்று சொன்ன ஓர் அலுவலர் அந்த இரவைத் திருப்பிவிட்டார். கெய்ஜு கோபயாஷி அந்த வேடத்தில் அடி வாங்கிய கன்னத்தோடு நிற்கும் நிதானம் அப்படியே மனதில் இருக்கிறது.

சரி, புரட்சி எப்படி உடைந்தது? அரண்மனைக்குள் இருந்த இரண்டாம் படையணியின் கர்னல் ஹாகாவிடம், ராணுவ அமைச்சர் சீக்கிரம் வந்துவிடுவார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அமைச்சர் வரவில்லை. மணி ஓட ஓட ஹாகாவுக்குச் சந்தேகம் வருகிறது. ஹத்தனாகாவின் கூட்டாளி லெப்டினன்ட் கர்னல் இடா, கிழக்குப் பகுதி ராணுவத் தலைமையகத்துக்குப் போய் ஆதரவு கேட்கிறார், அங்கே மறுத்துவிடுகிறார்கள். திரும்பி வந்து, விடிவதற்குள் ஆட்களை விலக்கிக்கொள்ளலாம், முடிந்துவிட்டது என்று ஹத்தனாகாவிடமே சொல்கிறார். விடிகிற நேரத்தில் கிழக்குப் பகுதித் தளபதி ஜெனரல் தனாகா தானே காரில் வந்து இறங்குகிறார். படையோடு வரவில்லை, ஒன்றிரண்டு ஆட்களோடு வருகிறார். உங்களிடம் இருப்பது போலி உத்தரவு, உங்கள் தளபதி கொல்லப்பட்டுவிட்டார் என்கிறார். படையணி கலைந்து போகிறது. ராத்திரி முழுக்க ஒரு முத்திரைக்குக் கீழ்ப்படிந்தவர்கள் காலையில் ஒரு ஜெனரலின் வாய்வார்த்தைக்குக் கீழ்ப்படிந்தார்கள். அந்தத் தனாகாவும் ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 24இல் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

ஆனால் ஹத்தனாகா இன்னும் விடவில்லை. கடைசி முயற்சியாக வானொலி நிலையத்துக்குப் போகிறார். ஐந்து மணிச் செய்தி வாசிக்கக் காத்திருக்கும் அறிவிப்பாளர் தத்தேனோ. மக்களிடம் எங்கள் தரப்பைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் கொடு என்று கைத்துப்பாக்கியை நீட்டுகிறார் ஹத்தனாகா. விமானத்தாக்குதல் எச்சரிக்கை அமலில் இருக்கிறது, கிழக்குப் பகுதி ராணுவத்தின் அனுமதி இல்லாமல் எதையும் ஒலிபரப்ப முடியாது என்கிறார் தத்தேனோ. விதியைச் சொல்கிறார், அவ்வளவுதான். துப்பாக்கி நீண்டிருக்கிறது, அவர் மைக்கைத் தரவில்லை. யூஸோ கயாமா என்ற, அப்போது ஜப்பானில் இளைஞர்கள் கொண்டாடிய பாட்டுக்காரக் கதாநாயகனை இந்தச் சின்ன வேடத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அவரும் நட்சத்திரத்தனம் எதுவும் காட்டாமல், கடமையில் இருக்கிற ஒருவனாக மட்டும் நிற்கிறார். மிரட்டப்பட்ட அதே தத்தேனோதான் 7 மணி 21 நிமிடத்துக்கு, இன்று நண்பகலில் பேரரசர் நேரடியாகப் பேசுவார், எல்லோரும் கேட்க வேண்டும் என்ற அறிவிப்பை நாட்டுக்குப் படித்தவர்.

இந்த இரண்டு மூன்று பேரைத்தான் நான் இந்தப் படத்தில் கும்பிடுகிறேன்: நேரம் கடத்திய மோரி, பொய் சொன்ன டொகுகாவா, மைக்கைத் தராத தத்தேனோ. உத்தரவு என்று ஒன்று வந்தபோதும் துப்பாக்கி நீண்டபோதும் தங்கள் தலையால் யோசித்தவர்கள் அன்று இவ்வளவு பேர்தான்.

படத்தின் மனசு அனாமியோடு இருக்கிறது, அதில் எனக்குச் சங்கடம் உண்டு. பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிரதமர் சுசூகியிடம் சுருட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் போனதும், விடைபெற வந்திருக்கிறார் என்று சுசூகி புரிந்துகொள்கிறார். பிரதமராக நடிப்பவர் சிஷு ரியூ, ஓசு படங்களின் அப்பா. அந்த ஒரு வரியை அவர் சொல்லும் விதத்துக்கே படத்தைப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்த அனாமி, தன்னைப் புரட்சிக்கு இழுக்க வந்த மைத்துனரோடே விடியவிடிய சாகே குடிக்கிறார். பேரரசர் முன்பு கொடுத்த வெள்ளைச் சட்டையை அணிந்துகொண்டு வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். உதவிக்கு வந்தவரை வேண்டாம் என்கிறார், உயிர் போக நெடுநேரம் ஆகிறது. ஒகாமோட்டோ இதை மறைக்காமல், நாம் முகத்தைத் திருப்புகிற அளவுக்குக் காட்டுகிறார். அழகுபடுத்தவில்லை என்பது உண்மை. ஆனாலும் மிஃபுனே அந்தச் சட்டையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த மனிதர்மேல் மரியாதை வராமல் இருக்காது, ஹிரோஷிமாவுக்குப் பிறகும் போரைத் தொடரச் சொன்னவர் அவர்தான் என்பது அந்த நேரத்தில் மறந்துபோகிறது. மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

சுசூகியின் கதை படத்தில் கொஞ்சம்தான் வருகிறது, தனிப்படமாக எடுக்க வேண்டியது. 1936 பிப்ரவரி 26 கிளர்ச்சியில் இளம் அதிகாரிகள் அவர் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். சாகும்படி கடைசி வெட்டு வெட்டப்போனபோது மனைவி தாகா கெஞ்சித் தடுத்தார். பிழைத்தார். ஒன்பது வருஷம் கழித்து எழுபத்தேழு வயதில், பிரதமராக, மறுபடி அதே மாதிரி ஒரு கும்பல் யோகோஹாமாவிலிருந்து மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு அவரைக் கொல்ல வருகிறது. வீடு எரிகிறது, மயிரிழையில் தப்புகிறார். ஜப்பானில் அந்தப் பத்துப் பதினைந்து வருஷம் அரசியல் என்றால் இதுதான். சமாதானம் பேசுகிற எந்த மந்திரியும் காலையில் உயிரோடு எழுவோமா என்று யோசித்துத்தான் படுத்தான். மந்திரிசபை ஏன் அவ்வளவு நாள் இழுத்தது என்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம், படம் அதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

இவ்வளவு விவரம் எப்படிக் கிடைத்தது என்றால், கசுதோஷி ஹாந்தோ என்ற பத்திரிகை ஆசிரியர் 1963இல் அந்த நாளில் சம்பந்தப்பட்ட கிட்டத்தட்ட முப்பது பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தார். அதிலிருந்து 1965இல் புத்தகம் வந்தது, விற்பனைக்காக வேறொரு பிரபல எழுத்தாளர் பெயரில். ஹாந்தோவின் சொந்தப் பெயரில் வர 1995 ஆகிவிட்டது. புரட்சிக்காரர்களில் ஹத்தனாகாவும் கூட்டாளி ஷீசாகியும் 15ஆம் தேதி காலை அரண்மனைக்கு வெளியே துண்டுப்பிரசுரம் வீசிவிட்டு, ஒலிபரப்புக்குச் சற்று முன்னால் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார்கள். இடா பிழைத்தார், பெயரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து 2004 வரை வாழ்ந்தார். திரைக்கதை எழுதிய ஷினோபு ஹஷிமோட்டோ 'ஏழு சாமுராய்' எழுதியவர்களில் ஒருவர்; நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களை ஒரு கயிற்றில் கோக்கிற வேலை எப்படி என்று இதில் பார்க்கலாம்.

பேரரசரின் முகத்தை இந்தப் படம் காட்டுவதில்லை. முதுகு, கையுறை, தூரத்தில் ஓர் உருவம், அப்புறம் குரல். 1967இல் ஹிரோஹிட்டோ உயிரோடு அரியணையில் இருந்தார், அப்படித்தான் எடுக்க முடிந்திருக்கும். ஆனால் அதன் விளைவாக அவர் எல்லாப் பொறுப்புக்கும் வெளியே நிற்கிற ஒருவராக, போரை நிறுத்திய குரலாக மட்டுமே ஆகிவிடுகிறார்; அந்தப் போர் நடந்த வருஷங்களில் அவர் என்ன செய்தார் என்ற கேள்வி எழவே இடமில்லை. 2015இல் மசாத்தோ ஹராதா இதே நாளை மறுபடி எடுத்தார், கோஜி யாகுஷோ அனாமியாக. அதில் பேரரசர் முகத்தோடு, வசனத்தோடு, கனிவோடு வருகிறார். வண்ணப்படம், நேர்த்தியான படம், எனக்கு ஒட்டவில்லை. எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள், அந்த வியர்வை போய்விட்டது.

படத்தின் கடைசியில் கணக்கு ஒன்று வருகிறது. போரில் சிப்பாயாகப் போன ஜப்பானியர் ஒரு கோடி, செத்த சிப்பாய்கள் இருபது லட்சம், பொதுமக்கள் பத்து லட்சம், ஆக முப்பது லட்சம். கேட்கும்போது தொண்டை அடைக்கிறது. அடுத்த நொடியே, மற்றவர்கள் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. சீனத்தில் செத்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. கொரியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயிலுக்கு இழுத்துப்போன பல்லாயிரம் தமிழர்கள் இல்லை. 415 கிலோமீட்டர் பாதையை 1942க்கும் 1943க்கும் இடையில் காட்டைப் பிளந்து போட்டபோது காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்து ஆற்றோரம் புதைந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. மலேசியாவில் வயதானவர்கள் இன்றும் 'ஜப்பான்காரன் காலம்' என்றால் குரல் மாறும். அவர்களுக்கும் அந்த இசைத்தட்டில் பங்கு இருந்தது. அது ராத்திரியில் அந்தப் பையிலிருந்து எடுக்கப்பட்டு உடைக்கப்பட்டிருந்தால், ஜப்பானியத் தீவுகளில் மட்டுமில்லை, சிங்கப்பூரிலும் பினாங்கிலும் காஞ்சனபுரியிலும் இன்னும் எத்தனை மாதம் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். படம் அந்தப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. இதை அதன் ஆகப்பெரிய குறையாகத்தான் சொல்வேன், படத்தை எவ்வளவு நேசித்தாலும்.

ஒகாமோட்டோவுக்கே இந்தப் படத்தில் ஒரு குறை இருந்தது, வேறு விதமான குறை. 1924இல் பிறந்தவர். போரின் கடைசி மாதங்களில் தோயோஹாஷி ராணுவப் பயிற்சிப் பள்ளியில் குண்டு விழுந்து கூடப் படித்த பையன்கள் கண்முன்னே சிதறினார்கள். அவருடைய தலைமுறையின் போர் அது. இந்தப் படத்தில் அமைச்சர்களும் ஜெனரல்களும்தான் இருக்கிறார்கள், தன்னைப் போன்ற இருபத்தொரு வயதுச் சிப்பாய் இல்லை என்று அவருக்கு உறுத்தியது. அடுத்த வருஷமே, 1968இல், சின்னச் செலவில் 'நிக்குதான்' என்றொரு படம் எடுத்தார். பெயரே இல்லாத ஒரு சிப்பாய், இரும்புப் பீப்பாய்க்குள் உட்கார்ந்து கடலில் மிதக்கிறான், பக்கத்தில் ஒரு டார்பிடோவைக் கட்டி வைத்திருக்கிறார்கள், எதிரிக் கப்பல் வந்தால் விட வேண்டியதுதான் அவன் வேலை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் மந்திரிகள் வரிக்கு வரி சண்டை போட்ட அந்த 24 மணி நேரம், அப்புறம் அந்தப் பையன்.

பார்க்க உட்காருகிறவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். முதல் அரை மணி நேரத்தில் பெயர்கள் மழையாகக் கொட்டும், பதவிகள் அதைவிட. மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள். அனாமி, சுசூகி, ஹத்தனாகா, டொகுகாவா, இந்த நாலு முகத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவர்கள் தானாக இடம் பிடிப்பார்கள்.